ஒரே ஒரு பிரதி

ஹோங்காயார்வி, 1886 ஜனவரி 17
(ரீத்தா சொல்லச் சொல்ல, தையல்காரர் அப்ராமி எழுதியது)

தங்கச்சி அல்பெர்தீனாவுக்கு,

அக்கா ரீத்தா சொல்றது. இங்க எல்லாரும் சௌக்கியம். மாடு ரெண்டும் கறக்குது. ஏரி நல்லா உறைஞ்சு மேல வண்டி ஓடுது.

நீ செப்டம்பர்ல போட்ட கடுதாசியில என்ன இருக்குன்னு எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. நாலு மாசமா வேதப்புத்தகத்துக்குள்ள கெடந்துச்சு. நான் என்ன பண்ணட்டும்? அச்சுல இருந்தா வேதப்புத்தகம், ஞானோபதேசம், உன் பத்திரிகை எதுவானாலும் படிச்சிருவேன். கையால எழுதினா எனக்கு மண்புழு ஊர்ற மாதிரிதான் தெரியுது. பாதிரியார் எங்களுக்குப் படிக்கத்தான் சொல்லிக் குடுத்தாரு, எழுத இல்ல. எழுதக் கத்துக்க உன்னத்தானே பட்டணத்துக்கு அனுப்பினோம்.

வியாழக்கிழமை அப்ராமியண்ணன் எங்க வீட்டுக்காரரு தாவெத்திக்குக் கோட்டு தைக்க வந்தாரு. வந்த எடத்துல உன் கடுதாசியையும் படிச்சுக் காட்டினாரு. கூடத்துல எல்லாரும் இருந்தோம், வேலைக்காரி குஸ்தாவாகூட இருந்தா. "அக்கா, உன் கை இப்போது தேவலையா, வீக்கம் வற்றியதா?"ன்னு கேட்டிருந்த. "எந்தக் கை?"ன்னாரு தாவெத்தி. நான் பனியில வழுக்கி விழுந்தேன்னேன். அப்ராமியண்ணன் மூக்குக்கண்ணாடிக்கு மேலால பாத்துட்டு, "செப்டம்பர்ல பனி ஏதும்மா?"ன்னாரு. "சௌனா படியில விழுந்தா. அப்படியே எழுது"ன்னாரு தாவெத்தி.

ஆகையினால எழுதச் சொல்றேன்: சௌனாவுல ஆவிக்குளியல் போட்டுட்டு வர்றப்ப படியில விழுந்தேன். கை சரியாயிடுச்சு. எம்புள்ள ஹேத்தாவுக்கு ஒம்பது வயசு முடிஞ்சுது, நல்லாப் படிக்கிறா.

நீ எழுதின நாடகத்த ஹெல்சிங்கியில ஆடப்போறாங்களாமே. எனக்குப் பெருமையா இருக்கு. இன்னொண்ணு. இனிமே நீ எழுதினா நானே படிக்கிற மாதிரி எழுதேன். பாவம், அப்ராமியண்ணனுக்கு எதுக்கு வீண் செரமம்.

இப்படிக்கு அக்கா.

(இனி அப்ராமியாகிய நான் சொந்தமாக எழுதுவது. ஆசிரியரம்மா, நீங்கள் உங்கள் பத்திரிகையில் வாராவாரம் எழுதும் "அன்புள்ள சகோதரிக்கு" பகுதியை எங்கள் ஊரில் எல்லாரும் படிக்கிறோம். கோழிக்குச் சுண்ணாம்பு கொடுக்கச் சொன்னீர்கள், நல்ல பலன். இந்த வீட்டு சௌனாவுக்கு ஒரே ஒரு படிதான். நான் போய்ப் பார்த்தேன். அது தரையோடு தரையாக இருக்கிறது.)


யோயென்சூ, 1886 பிப்ரவரி 7
(அச்சிட்ட தாள்)

அன்புள்ள சகோதரிக்கு,

நீயே படிக்கிற மாதிரி எழுதச் சொன்னாய். எழுதிவிட்டேன். தாவெத்தி உன்னை அடிக்கிறான். இதை நாம் இருவரும் இனிமேலாவது உள்ளபடி சொல்லிக்கொள்வோம்.

கோடையில் நான் வந்திருந்தபோது சௌனாவில் உன் முதுகைத் தேய்த்தவள் நான்தானே. கறுப்பும் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. ஒரு நாள் விழுந்தால் ஒரு நிறம்தான் இருக்கும். மூன்று நிறம் என்றால் மூன்று வெவ்வேறு நாள். என்ன இது என்று கேட்டேன். "கல்லுல தண்ணி ஊத்து, ஆவி கொறையுது" என்றாய். ஊற்றினேன். அதற்குமேல் கேட்காமல் ஊருக்குத் திரும்பினேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

உனக்குத் தைரியம் சொல்ல நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். ஃப்ரெட்ரிக் என்னை அடித்தார். ஆம், மறைந்த என் கணவர்தான். இந்த வட்டாரத்தில் நம் மொழியில் முதல் பத்திரிகை கொண்டுவந்த பெரியவர் என்று வாசகசாலையில் படம் மாட்டியிருக்கிறார்களே, அவரேதான். முதல் முறை, எங்கள் முதல் இதழ் வெளிவந்த வாரம். தலையங்கத்தில் அவரைக் கேட்காமல் இரண்டு வாக்கியம் திருத்திவிட்டேன். கடைசி முறை, அவர் படுக்கையில் விழுவதற்கு முந்தின மாதம். ஏழு வருஷம். கதவில் இடித்துக்கொண்டேன், பெட்டி மேலே விழுந்தது என்று ஊருக்குச் சொன்னேன். பத்திரிகைக்காரி அல்லவா, காரணம் சொல்லத் தெரியாதா? இதை உலகத்தில் உன் ஒருத்தியிடம்தான் சொல்கிறேன்.

இப்போது சட்டத்தைக் கேள். முதலில் பாதிரியாரிடம் முறையிட வேண்டும். பிறகு சபை மூப்பர்கள் புருஷன் பெண்சாதி இருவரையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அடித்ததைக் கண்ணால் பார்த்த சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும். அவர்கள் எழுதிக் கொடுத்தால் கோர்ட்டு உன்னைத் தனியாக இருக்க விடும், குழந்தையையும் கேட்கலாம். என்னிடம் இடம் இருக்கிறது.

அவசரப்படாதே. முதலில் சாட்சிகளைப் பிடி. அதுவரை யாரிடமும் வாயே திறக்காதே.

அல்பெர்தீனா


அப்ராமி வீடு, 1886 மார்ச் 3
(ரீத்தா சொல்லச் சொல்ல, அப்ராமி எழுதியது)

அல்பெர்தீனா,

அன்பு கின்பு ஒண்ணும் போடாதீங்கண்ணேன்னு சொல்லிட்டேன். உறைஞ்ச ஏரி மேல நடந்தே அப்ராமியண்ணன் வீட்டுக்கு வந்து உக்காந்து சொல்றேன்.

ஏண்டி, உனக்குப் புத்தி இருக்கா? இவ்வளவு படிச்சு என்ன பிரயோஜனம்? என் மானத்தக் கப்பலேத்திட்டியே! இல்ல, நீ ஏத்தல. நானே ஏத்திக்கிட்டேன். ஆனா கப்பல் நீ அனுப்பினது.

கேளு. பிப்ரவரி இருபத்தொண்ணு, ஞாயித்துக்கிழமை. ஆராதனை முடிஞ்சு கோயில் மேட்டுல எப்பவும் போல தபால் பையப் பிரிச்சாங்க. உன் பத்திரிகை வாங்குறவங்க எல்லாம் வாங்கி நின்ன எடத்துலயே பிரிச்சுப் படிக்க ஆரம்பிச்சாங்க. எனக்கும் ஒரு கவர் வந்துச்சு. பிரிச்சேன். அச்சு! மேல பூப் போட்ட கோடு. உன் பத்திரிகை தலையில இருக்குமே, அதே பூக்கோடு. அதுக்குக் கீழ "அன்புள்ள சகோதரிக்கு". வாராவாரம் ஊருக்கே நீ எழுதற அதே தலைப்பு. மூணாவது வரிக்கு வந்தா, "தாவெத்தி உன்னை அடிக்கிறான்".

மேல ஒரு எழுத்து ஓடல. நிமிந்து பாத்தா, கொல்லன் மூஞ்சி பத்திரிகைக்குள்ள. ஆலைக்காரர் மூஞ்சி பத்திரிகைக்குள்ள. எல்லார் கையிலயும் அதே பூக்கோடு. கொல்லன் பக்கத்துல நின்னவனுக்கு விரலால எதையோ காட்டிச் சிரிக்கிறான். (அது குதிரைச் சந்தை விளம்பரமாம். இது அப்புறமா தெரிஞ்சுது.)

பட்டணத்துல போட்டு ஊரே படிச்சாச்சு, என் தங்கச்சி என்னை அச்சுல ஏத்திட்டான்னு முடிவு பண்ணிட்டேன். படிச்சாச்சுன்னா இனிமே மறைக்க என்ன இருக்கு? தாவெத்தி வீட்டுல என்னைக் கேக்குறதுக்குள்ள நானே பாதிரியார்கிட்ட போய்ச் சொல்லிரணும்னு ஒரே ஓட்டமா கோயில் பக்கத்து அறைக்குள்ள போனேன். மூப்பர்கள் கூட்டம் நடந்துக்கிட்டு இருந்துச்சு.

"என்ன ரீத்தா?"ன்னாரு பாதிரியார்.

"நீங்களும் படிச்சிருப்பீங்களே ஐயா."

"எதைப் படிச்சேன்?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதீங்க. ஆமா, அடிக்கிறாரு. பத்து வருஷமா அடிக்கிறாரு. கையால, தோல் வாரால, ஒரு தடவ தொழுவத்துக் கதவுக்கட்டையால. அச்சுல போட்டது அத்தனையும் நெசம்."

ஆறு மூப்பரும் வாயப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. மூணாவது நாற்காலியில யாரு? நம்ம தாவெத்தி. அவரும் மூப்பர்தானே. அந்த நிமிஷம் அது எனக்கு மறந்தே போச்சுடி.

பாதிரியார் நல்ல மனுஷன்தான், கொறை சொல்லக் கூடாது. "சாட்சி உண்டா?"ன்னாரு. என் தங்கச்சி முதுகப் பாத்திருக்கான்னேன். "தழும்பப் பாத்தது சாட்சி இல்லம்மா, அடிச்சதப் பாத்தவங்க வேணும்"ன்னாரு. தாவெத்தி எந்திரிச்சாரு. "எல்லார் வீட்டுலயும் இருக்கற சச்சரவுதான் ஐயா, இவளுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல"ன்னு ரொம்ப அமைதியாச் சொன்னாரு. சரி, ரெண்டு பேரும் கை குடுத்துக்கங்கன்னாங்க. மூப்பர் வரிசையிலேருந்து எறங்கி வந்து என் கையப் புடிச்சாரு. புடிச்ச கைய விட்டுட்டுத் திரும்பிப் போய் அதே மூணாவது நாற்காலியில உக்காந்தாரு. "சமாதானம் ஆயிற்று"ன்னு புத்தகத்துல எழுதி, அதுக்குக் கீழ மூப்பர் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. அவரும்தான் போட்டாரு.

வீட்டுக்கு வந்து அவரு ஒண்ணும் பண்ணல. மறுநாள் காலையில வண்டி கட்டி, ஹேத்தாவ வடக்குக் கரையில இருக்கற அவரு அக்கா மார்கேத்தா வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டாரு. நெசவு கத்துக்கட்டுமாம். எப்ப வருவான்னு கேட்டா, "நீ ஒழுங்கா இருக்கறதப் பொறுத்து"ங்கிறாரு. எம்புள்ள பத்து நாளா எங்கிட்ட இல்லடி.

இன்னிக்கு அப்ராமியண்ணன் வீட்டுல அவரு பத்திரிகைய எடுத்துக் காட்டினாரு. பொரட்டிப் பொரட்டிப் பாத்தேன். அதுல நான் இல்ல. கோழிதான் இருக்கு. அப்போ எனக்குன்னு மட்டும் ஒண்ணு அடிச்சியா? ஒரே ஒண்ணா? ஒரு ஆளுக்கு யாருடி அச்சடிப்பா? கையாலயே அச்சு எழுத்து மாதிரி எழுதியிருக்கக் கூடாதா?

வாயத் திறக்காதன்னு கடைசி வரியில போட்டிருக்க. அத மொதல் வரியில போட்டிருந்தா என்ன?

சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப நான் கேக்கறதச் செய். அத நெசமாவே பத்திரிகையில போடு. பேரோட போடு. ஊரு படிக்கட்டும். படிச்சா, கண்ணால பாத்தவங்க யாராச்சும் வெளிய வருவாங்க. குஸ்தாவா தொழுவத்துல பாத்திருக்கா. கேட்டா, "எனக்கு இந்த வீட்டு வேலை வேணும்மா"ன்னு அழுவுறா. நாலு பேர் பேச ஆரம்பிச்சா அவளும் பேசுவா. எனக்கு ஹேத்தா வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்.

ரீத்தா


யோயென்சூ, 1886 மார்ச் 12

அக்கா,

அப்ராமி, நீங்கள் உரக்கவே படிக்கலாம். இனி உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

முதலில் தப்பை ஒப்புக்கொள்கிறேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, அச்சுக்கூடத்தில் யாரும் இல்லை. நானே எழுத்துக் கோத்து, நானே ஒரு தாள் எடுத்து, உடனே ஈய எழுத்துகளைப் பிரித்து எழுத்துப்பெட்டி அறைகளில் போட்டுவிட்டேன். வேறு ஈ காக்கை பார்க்கவில்லை. பூக்கோடு அச்சில் ஏற்கெனவே பூட்டியிருந்தது, கழற்றச் சோம்பல். "அன்புள்ள சகோதரிக்கு" என்பது பழக்கத்தில் கை தானாகக் கோத்தது. கையாலேயே அச்செழுத்துப் போல எழுதியிருக்கலாமே என்கிறாய். சத்தியமாக அது எனக்குத் தோன்றவே இல்லை. பதினான்கு வருஷமாக அச்சுக்கூடத்திலேயே கிடப்பவளுக்கு அச்செழுத்து என்றால் ஈயம்தான் நினைவுக்கு வருகிறது. நீ என்னைத் திட்டியது போதாது.

ஆனால் நீ கேட்பதை நான் செய்ய முடியாது.

பத்திரிகை என்னுடையது என்று ஊர் சொல்கிறது. சட்டத்தில் அது ஃப்ரெட்ரிக்கின் தம்பி வல்ஃப்ரித்தினுடையது. பொறுப்பாசிரியர் என்று ஒரு ஆணின் பெயர் இருக்க வேண்டும். அந்தப் பெயர் அவருடையது. எழுதுவது நான், ஒவ்வொரு வியாழக்கிழமையும் புரூஃப் பார்த்துத் தலையாட்டுவது அவர். ஒரு மூப்பரைப் பெயர் சொல்லிப் போட்டால் அன்றைக்கே பெயரை எடுத்துக்கொள்வார். பெயர் போனால் பத்திரிகை போயிற்று. பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், கல்யாணமானவளுக்குத் தன் உழைப்பின் மேல் உரிமை வேண்டும் என்று இந்த வட்டாரத்தில் எழுதுவதற்கு வேறு ஒரு காகிதம் கிடையாது. ஒருத்திக்காக அத்தனை பேரையும் விடலாமா என்று யோசிக்கிறேன். அந்த ஒருத்தி நீ என்பதால்தான் யோசிக்கவே செய்கிறேன்.

பொதுவாக ஒரு கட்டுரை எழுதுகிறேன், பெயர் இல்லாமல். அதற்கு வல்ஃப்ரித் சம்மதிப்பார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது. என் நாடகம் ஒரு பண்ணை வீட்டுப் பெண்ணைப் பற்றியது. உன் முதுகைப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதினேன். மூன்றாம் அங்கத்தில் அவள் குழந்தையோடு வீட்டைவிட்டுப் போகிறாள். இயக்குநர், "அம்மா, ஜனங்கள் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட வேண்டாமா? புருஷன் மன்னிப்புக் கேட்கட்டும், இருவரும் கைகொடுத்துக்கொள்ளட்டும், திரை விழட்டும்" என்று எழுதினார். அப்படியே மாற்றிக் கொடுத்தேன். டிசம்பரில். இப்போது ஹெல்சிங்கியில் ஆடுகிறார்கள், நல்ல கைதட்டலாம்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிடு. அதில் என் சங்கதியும் இருக்கிறது.

அல்பெர்தீனா


ஹோங்காயார்வி, 1886 ஏப்ரல் 11
(ரீத்தா சொல்லச் சொல்ல, அப்ராமி எழுதியது)

அல்பெர்தீனா,

அடுப்புல போடல. கோயில் மணிக்கூண்டுச் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டிட்டேன்.

கோவப்படாம கேளு. கோவம் வந்தாலும் கேளு. அப்ராமியண்ணன் உன் கடுதாசியப் படிச்சு முடிச்சதும் இன்னொரு தடவ படிக்கச் சொன்னேன். அப்புறம் சிரிப்பு வந்துச்சு. நல்லா இருக்குடி உன் நியாயம். நாடகத்துல நான் அடி வாங்கலாம், பத்திரிகையில வாங்கக் கூடாதா? நாடகத்துலயும் கை குடுக்க வெச்சிட்டியே. இங்க பாதிரியார் ஒரு தடவதான் குடுக்க வெச்சாரு. நீ தெனம் ராத்திரி குடுக்க வைக்கிற.

பத்திரிகையில போட முடியாதுன்னுட்ட. சரி. ஏற்கெனவே அச்சடிச்ச காகிதம் ஒண்ணு எங்கிட்ட இருக்கே, அது போதாதான்னு தோணிச்சு. இந்த ஊருல கையெழுத்துப் படிக்கத் தெரிஞ்சவங்க பத்துப் பேர் தேற மாட்டாங்க. அச்சு எல்லாருக்கும் தெரியும். சர்க்கார் உத்தரவு, காணாமப் போன குதிரை, ஏலம் எல்லாம் அந்தச் சுவத்துலதான் தொங்கும். நானும் மாட்டினேன். மரியாளுக்குத் தேவதூதர் சேதி சொன்ன பண்டிகை அன்னிக்கு, மார்ச் இருபத்தஞ்சு. வடக்குக் கரைக்காரங்ககூட வண்டி கட்டிக்கிட்டு வந்திருந்தாங்க.

உன் சங்கதிய மடிச்சு மறைச்சு மாட்டலாமான்னு பாத்தேன். மடிச்சா என் பாதியும் மறையுது. ஒரே பக்கமா அடிச்சிருக்க. உண்மையச் சொல்றேன், மடிக்க முடிஞ்சிருந்தாலும் மடிச்சிருப்பேனான்னு எனக்குத் தெரியல. நான் ஊரு முன்னாடி தனியா நின்னேன்டி. இன்னொரு தடவ தனியா நிக்க எனக்குத் தெம்பு இல்ல.

மொதல்ல யாரும் கிட்ட வரல. அப்புறம் யுஸ்தீனாக் கிழவி வந்தா. அவளுக்கு வாய்விட்டுத்தான் படிக்கத் தெரியும், ஞானோபதேசப் பரீட்சையில படிக்கிற மாதிரி, எழுத்தெழுத்தா, கத்தி. மொதல் வரியிலேருந்து படிச்சா. பின்னால கூட்டம் சேந்துபோச்சு. என் முதுகு வந்தப்ப யாரும் அசையல. எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே, யார் வீட்டு முதுகு வேற நிறம்? "ஃப்ரெட்ரிக் என்னை அடித்தார்"னு கிழவி படிச்சா பாரு, அப்பத்தான் ஒரு சத்தம் எழும்புச்சு.

"எந்த ஃப்ரெட்ரிக்கு? பத்திரிகைக்காரரா?"ன்னு ஆலைக்காரர் கேட்டாரு.

"படத்துல இருக்கறவரேதான்யா, இரு, மீதியப் படிக்க விடு"ன்னா கிழவி.

"ஆசிரியரம்மாவையா? அத்தனை படிச்சவங்களையா?"ன்னு ஒரு பொம்பள கேட்டுக்கிட்டே அழுதா. யாருன்னு சொல்ல மாட்டேன். "இதை உலகத்தில் உன் ஒருத்தியிடம்தான் சொல்கிறேன்"னு வந்தப்ப கிழவி கொஞ்சம் நிறுத்தி என்னைத் திரும்பிப் பாத்தா. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அந்த எடத்துல எனக்கு வெக்கமா இருந்துச்சு, மறைக்கல. அப்புறம் அதையும் கத்தித்தான் படிச்சா.

தாவெத்தி காகிதத்தக் கிழிக்க வந்தாரு. அவரத் தடுத்தது யாரு தெரியுமா? சொந்த அக்கா, மார்கேத்தா. "கைய எடுடா"ன்னாங்க. "எங்கப்பனுக்கும் இதே கைதான். நீ அப்போ மேசைக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டு அழுவ, மறந்துட்டியா? போன கிறிஸ்மஸுக்கு என் வீட்டுலயே இவள அடிச்ச, என் கண்ணு முன்னாடி. தம்பியாச்சேன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்." அவங்க நேராப் பாதிரியார்கிட்ட போனாங்க. சொன்னா நம்ப மாட்ட, அவங்களுக்குப் பின்னாலயே குஸ்தாவாவும் போனா. தொழுவத்துல பாத்தத நாளு, நேரம் எல்லாம் சொன்னாளாம். சாட்சி ரெண்டாச்சு.

மூப்பர் கூட்டம் மறுபடி கூடிச்சு. தாவெத்தி நாற்காலி காலி. "தன் வழக்கத் தானே விசாரிக்கக் கூடாது"ன்னு பாதிரியார் சொன்னாராம். முன்னாடியே தோணியிருக்கலாம், போகட்டும். பிரிஞ்சு இருக்கலாம், ஹேத்தா எங்கூட இருக்கலாம், மீதிய இலையுதிர் காலத்துக் கோர்ட்டு பாத்துக்கும்னு எழுதிக் குடுத்துட்டாங்க. ஹேத்தாவ மார்கேத்தாவே வண்டியில கொண்டாந்து விட்டாங்க. இப்ப ரெண்டு பேரும் பாதிரியார் வீட்டுச் சமையக்கட்டுப் பக்கத்து அறையில இருக்கோம். புள்ள என் இடுப்பக் கட்டிக்கிட்டேதான் தூங்குறா.

ஏரி உருகினதும் மொதல் படகுல வரோம். வரலாமா? எடம் இருக்குன்னு நீ அச்சுலயே போட்டிருக்க.

உன்னைக் கேட்டுச் செஞ்சிருக்கணும். கேட்டிருந்தா வேண்டாம்னிருப்ப. அதனாலதான் கேக்கல.

ரீத்தா

(அப்ராமி எழுதுவது: ஆசிரியரம்மா, ஆணியும் சுத்தியலும் என்னுடையவை. கோபம் இருந்தால் எனக்கும் பங்கு உண்டு.)


யோயென்சூ, 1886 மே 9
(அச்செழுத்தைப் போல ஒவ்வொரு எழுத்தாகக் கையால் வரைந்தது)

அக்கா,

இதை வரைய நான்கு நாள் ஆயிற்று. நீயே படி. அப்ராமியிடம் கொடுக்காதே.

உன் கடிதம் வருவதற்கு முன்பே சேதி வந்துவிட்டது. யாரோ மணிக்கூண்டில் பார்த்து நகல் எடுத்து வல்ஃப்ரித்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவர் வந்தார். உட்காரவில்லை, தொப்பியைக் கழற்றவில்லை. "அண்ணி, இது உங்கள் அச்சுக்கூடத்து எழுத்துதானா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "என் அண்ணனைப் பற்றிச் சொன்னது பொய் என்று ஒரு வரி போடுங்கள், பத்திரிகை நடக்கட்டும்" என்றார். ஒரே ஒரு வரி, அக்கா. பேனாவைக்கூட எடுத்துக் கையில் கொடுத்தார்.

உண்மையைச் சொல்கிறேன், நான் வாங்கினேன். கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். ஏழு வருஷம் கதவில் இடித்துக்கொண்டவளுக்கு இன்னொரு வரி என்ன கஷ்டம்? அந்தப் பத்திரிகைக்காக நான் கொட்டியது கொஞ்சமா? அதற்குள் சமையற்காரி காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். போகவில்லை. அவளுக்கும் சேதி எட்டியிருக்கிறது; என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

வல்ஃப்ரித் தன் பெயரை எடுத்துக்கொண்டார். போன சனிக்கிழமை இதழ் வரவில்லை. இனி வராது. மூன்று பேரிடம் பெயர் கேட்டேன். ஒருவருக்கு மனைவி சம்மதிக்கவில்லை, ஒருவருக்கு உடம்பு சரியில்லை, ஒருவர் பதிலே போடவில்லை. அச்சு யந்திரத்துக்குத் துணி போட்டு மூடியிருக்கிறது. காலையில் எழுந்தால் கை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறது. வாசகசாலையில் ஃப்ரெட்ரிக்கின் படம் அப்படியேதான் இருக்கிறது.

நாடகக் கம்பெனிக்குத் தந்தி கொடுத்தேன்: கடைசியில் கைகுலுக்கல் கூடாது, இல்லாவிட்டால் நாடகமே கூடாது என்று. பதில் இல்லை.

உன் மேல் எனக்குப் பயங்கரக் கோபம். நீ எனக்கு நல்லது செய்தாய் என்று நாலு பேர் சொல்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும். உன்னிடம் மட்டும் சொன்னதை ஒரு கிழவி ஊருக்கே கத்திப் படித்தாள். நீ பக்கத்தில் நின்றாய். அதை நினைத்தால் இரவில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஹேத்தா உன் இடுப்பைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள் என்று எழுதியிருந்தாயே, அதை நினைத்தால் மறுபடி படுக்க முடிகிறது. இரண்டும் உண்மை. எது பெரிது என்று என்னைக் கேட்காதே.

ஆற்றில் பனிக்கட்டி போய்விட்டது. ஏரியிலும் உருகிக்கொண்டிருக்கிறது, முதல் படகு இருபதாம் தேதி வாக்கில் புறப்படும் என்கிறார்கள். துறையில் நிற்பேன். முகம் கொடுத்துப் பேசுவேன் என்று எதிர்பார்க்காதே. ஹேத்தாவின் மூட்டையை நான் தூக்கிக்கொள்கிறேன். உன்னுடையதை நீயே தூக்கு.

அல்பெர்தீனா